அந்த கிட்டாரை ஊமையாக்கி விடாதீர்கள்

அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேருமா தெரியாது. சேர்ந்தாலும் படித்துச் சொல்ல ஒரு தமிழரைத் தேட வேண்டியிருக்கும். டப்ளினில் அது பெரிய கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாமே என்றால், எழுதிப் பார்த்தேன். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டது மாதிரி வந்தது. கிழித்துவிட்டேன். அப்புறம், இதைப் படிக்கிற தமிழர்கள் நாலு பேர் ‘யார் அந்த மனிதர்’ என்று தேடிப் போய் ஒரு பாட்டாவது கேட்டால் அதுவும் லாபம்தானே.

விஷயம் ஒரு கிட்டார். 1961இல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், வரிசை எண் 64351. அயர்லாந்தின் ப்ளூஸ், ராக் கிட்டார் கலைஞர் ரோரி கேலஹர் தன் பதினைந்து வயதில் வாங்கி, சாகும்வரை கையை விட்டு இறக்காதது. (எங்கள் ஊரில் ரொம்ப நாள் ‘கேலகர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பேசியதைக் கேட்ட பிறகு திருத்திக்கொண்டேன்.)

2024 அக்டோபர் 17 அன்று லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு அது வந்தபோது, ரசிகர்கள் நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு ஊரில் செல்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 8,89,400 பவுண்டுக்குப் போனது. ‘பிங்க் ஃப்ளாய்ட் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019இல் 39,75,000 டாலருக்குப் போச்சு. ஏலத்திலும் நம்ம ஆளுக்கு மட்டம்தானா’ என்று நண்பர் ஒருவர் புலம்பினார். எனக்கு அந்தக் கணக்கில் மனம் போகவில்லை. யார் வாங்கினார்கள், யார் வாங்கினார்கள் என்பதுதான் கவலை. ஏதோ ஒரு கோடீஸ்வரர் வீட்டு பெட்டகத்துக்குள் போய்விடுமோ என்ற பயம். டெனிஸ் டெஸ்மண்டின் நிகழ்ச்சி நிறுவனம் வாங்கி உங்களுக்கே நன்கொடையாகக் கொடுக்கிறது என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்தபோது வேறு கவலை வந்துவிட்டது. கண்ணாடியில் செய்திருந்தாலும் பெட்டகம் பெட்டகம்தானே?

நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த கிட்டாரை வருடத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் சொருகி, யாரையாவது வாசிக்க விடுங்கள். அவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான கதை.

முதல்முறை நான் அவரைக் கேட்டது 1996இல், சென்னையில் ஒரு கல்லூரி விடுதி அறையில். படிப்பு முடித்துக் கிளம்பிய சீனியர் ஒருவர் விட்டுப்போன டிடிகே கேசட். உறையில் நீலப் பேனாவில் ‘ரோரி ஜி. – அயர்லாந்து 74’ என்று இருந்தது. ரோரி என்றால் பெண் பெயர் என்று நினைத்துத்தான் போட்டேன். முதலில் கூட்டத்தின் இரைச்சல், யாரோ அறிமுகம் செய்கிறார், அப்புறம் அந்த கிட்டார். ஒரு பழைய லாரி மேட்டில் ஏறும்போது வருமே, முக்கலும் உறுமலும், ஆனால் எங்கேயும் நின்றுவிடாத ஒரு ஓட்டம், அப்படி. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து ‘டக்’ என்று நின்றபோது நான் இன்னும் கதவைக்கூடச் சாத்தவில்லை என்பதைக் கவனித்தேன்.

அடுத்த எட்டு மாதம் அவர் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதம் எழுத வேண்டும், முகவரி எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் யோசனை. பழைய புத்தகக் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு கிட்டார் பத்திரிகையைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. 1995 ஜூன் 14, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை. கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகு வந்த தொற்று. வயது 47. நான் கேட்க ஆரம்பிக்கும் முன்பே அவர் போய்ச் சேர்ந்திருந்தார். அந்தக் கடிதத்துக்கு வைத்திருந்த சில வரிகள்தான் இன்றைக்கு உங்களுக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிட்டாரின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் இங்கே படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1963இல் கார்க் நகரத்தில் க்ரவுலி இசைக்கருவிக் கடையில் அது செகண்ட் ஹேண்டாக விலைக்கு வந்தது. ராயல் ஷோபேண்ட் என்ற, ஊர் ஊராய்ப் போய் நடன அரங்குகளில் வாசிக்கும் குழுவில் இருந்த ஜிம் கான்லன் சிவப்பு நிறத்தில் ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து வரவழைக்க, வந்ததோ நடுவில் மஞ்சளும் விளிம்பில் கறுப்புமாக சன்பர்ஸ்ட். சிவப்பு வரும்வரை இதை வைத்து ஓட்டிவிட்டு, வந்ததும் கடையில் கொடுத்துவிட்டார். அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரே இதுதான் என்பார்கள். விலை கிட்டத்தட்ட நூறு பவுண்டு. பதினைந்து வயதுப் பையனுக்கு அது எட்டாத தொகை. தவணையில் எடுத்தான். ‘பின்னணிக்கு வாசிக்கும் ரிதமும் நானே, முன்னால் வாசிக்கும் லீடும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம், கடன் சீக்கிரம் அடைந்துவிடும்’ என்று வீட்டில் கணக்குச் சொன்னானாம். அம்மாவிடம் இப்படிக் கணக்குச் சொல்லாத கிட்டார்காரன் எந்த ஊரிலும் கிடையாது. என்ன, இந்தப் பையன் சொன்னபடி நடந்துகொண்டான். ரிதம், லீட் என்று இரண்டு பேர் வேலையைக் கடைசிவரை ஒருத்தனாகவே பார்த்தான்.

அப்புறம் அது திருட்டுப்போனது. டப்ளினில் வண்டிக்குள்ளிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொலைக்காட்சியில் போலீஸ் நிகழ்ச்சியில் அறிவிப்பு வந்த பிறகு, ஒரு பள்ளத்தில் மழையில் நனைந்து கிடந்த நிலையில் கிடைத்தது. இதை இனி விற்கவும் மாட்டேன், பெயின்ட் அடிக்கவும் மாட்டேன் என்று அவர் முடிவெடுத்தது அப்போதுதான். அடிக்கவில்லை. வியர்வையும் மேடை வெக்கையும் சேர்ந்து மேல்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. 1970களின் படங்களிலேயே முக்கால்வாசி மரம் தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலது முழங்கை உரசும் மேல் விளிம்பில் ஒரு துளி நிறம் இல்லை. ஓரங்களில் மட்டும், வற்றிய குளத்தின் கரையில் நிற்கும் பாசி மாதிரி, சன்பர்ஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் பாட்டி அரைத்த அம்மியின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. யாரும் செதுக்கவில்லை. தினம் தினம் அரைத்து வந்தது. இந்த கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேய்மானத்தை இன்றைக்குக் கடையில் வாங்கலாம். ஃபெண்டர் நிறுவனமே அவர் பெயரில் நகல் கிட்டார் செய்து விற்றது. எங்கெங்கே நிறம் உரிந்திருக்கிறதோ அங்கங்கே பார்த்துப் பார்த்து உரித்து, ஆணிகளைத் துருப்பிடிக்க வைத்து. செய்நேர்த்தியில் குறை சொல்ல மாட்டேன், ஒரு கடையில் எடுத்து வாசித்தும் பார்த்தேன். ஆனால் அடுத்தவன் வேர்வையைக் காசு கொடுத்து உடுத்திக்கொண்ட மாதிரி ஒரு கூச்சம். விலையைக் கேட்டதும் கூச்சமும் போனது, ஆசையும் போனது.

இப்போது உங்கள் பக்க நியாயத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகம் என்றால் பாதுகாப்பு. இருக்கிற நிலை அப்படியே இருக்க வேண்டும். வாசித்தால் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகள் தேயும், கை வியர்வை படும், மிச்சம் ஒட்டியிருக்கும் நிறமும் உதிரும். புரிகிறது. ஆனால் ‘அப்படியே’ என்றால் எப்படியே? அந்த கிட்டாரில் எது அசல்? ஃப்ரெட்டுகளை எத்தனை தடவை மாற்றினார்களோ. டியூனிங் கீகள் அசல் இல்லை, அதிலும் ஒன்று மட்டும் வேறு கம்பெனி. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளை மாற்றியிருக்கிறார்கள். வயரிங்கை அவர் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டார். சுரத்தை அசைக்கும் ட்ரெமலோ பகுதி ஆடாமல் இருக்க உள்ளே ஒரு மரத்துண்டைச் செருகி வைத்தார். இதையெல்லாம் விடுங்கள், கழுத்தே ஈரம் ஏறி வளைந்துபோய், அதைக் கழற்றி ஓய்வு கொடுத்துவிட்டு வேறு கழுத்தை மாட்டி வாசித்த காலம் உண்டு. பிறகு பழையதே திரும்பி வந்தது. அது பிழைப்புக்கு ஓடிய வண்டி. பழுது பார்த்துப் பார்த்துத்தான் ஓடியது. வருடத்துக்கு ஒரு தடவை கம்பி மாற்றி, ஒரு மணி நேரம் வாசித்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. சும்மா வைத்தால்தான் ஆகும். என் சொந்த கிட்டார் சுவரில் தொங்குகிறது. சென்னைக் கடற்காற்றில் மூன்று மாதம் தொடாமல் விட்டால் கம்பியைத் தொட்ட விரல் காவி நிறமாகிவிடும். உங்கள் அறையில் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பீர்கள், சரி. ஆனால் கம்பியைத் தளர்த்திக் காட்சிக்கு வைத்த கிட்டாரைப் பார்த்தால் எனக்கு என்னவோ கட்டிலில் படுத்த ஆளைப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

இது உலகத்தில் யாரும் செய்யாத காரியம் இல்லை. இத்தாலியில் ஜெனோவா நகரம் வயலின் மேதை பாகனினியின் வயலினை வைத்திருக்கிறது. 1743இல் குவார்னெரி செய்தது, ‘பீரங்கி’ என்று அதற்குச் செல்லப்பெயர். பாகனினி தன் ஊருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரில் நடக்கும் போட்டியில் ஜெயிக்கிறவர் கையில் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்தில் ஸ்ட்ராடிவாரியின் கருவிகளை எடுத்து வாசிப்பதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். 2019இல் அவற்றின் ஒலியைப் பதிவு செய்தபோது, அரங்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, ஊரையே சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார் மேயர். முந்நூறு வயது வயலினுக்கு அந்தத் தெம்பு இருக்கிறது. அறுபது சொச்சம் வயதில் ஒரு கட்டை கிட்டார், பள்ளத்தில் மழையில் கிடந்து பிழைத்தது, அதற்கு இருக்காதா?

அதுவும் அவர் போன பிறகு அது மொத்தமாக வாய் மூடிவிடவில்லை. தம்பி டோனல் அதை அலமாரிக்குள் பூட்டி வைக்கிற ஆளாக இருக்கவில்லை. 2011இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜோ போனமாசா லண்டன் ஹேமர்ஸ்மித் மேடையில் அதை வாசித்தார். அந்தப் பதிவைப் பாருங்கள். பெரிய வித்தைக்காரர், ஆனால் அதைக் கையில் வாங்கும்போது முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாகிவிடுகிறது.

கேட்பவர்களுக்கு எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ பாட்டை, அந்த 1974 பதிவில், ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகும். ஆரம்பத்தில் ஒவ்வொரு சுரமாக, ஈரத்துணியைப் பிழிவது மாதிரி மெதுவாக வரும். நடுவில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டே போய், கூட்டம் இருமினால் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து விடுவார். அங்கேதான் கையைக் கவனிக்க வேண்டும். டோனி பால்மர் எடுத்த படத்தில் அவர் விரல்களைப் பார்க்கலாம். அவருக்குக் காலடியில் பெட்டி பெட்டியாகக் கருவிகள் கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டியும் பிக்கைப் பிடித்திருக்க, சுண்டுவிரல் குமிழைத் திருகும். வால்யூமைக் கூட்டிக் குறைத்து கிட்டாரை மூச்சுவிட வைப்பார், டோன் குமிழைத் திருகி ‘வா, வா’ என்று பேச வைப்பார். பிக்கோடு கட்டைவிரல் ஓரமும் கம்பியில் உரச, கீச்சென்று ஒரு மேல் சுரம் கிளம்பும், ஆள் அடிபட்டு முனகுகிற மாதிரி. இதெல்லாம் அந்தக் குறிப்பிட்ட கட்டை, அந்தக் குமிழ், அந்த வயரிங். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் இதில் ஒன்றாவது தெரியுமா?

ஆகவே இரண்டாவதாக ஒரு கோரிக்கை. கிட்டாரைத் தனியாக வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வோக்ஸ் ஏசி30 ஆம்ப், அதன்மேல் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்கிற அந்தச் சின்ன உலோக டப்பா. அவருடையதே கிடைக்காவிட்டால் அதே ரகத்தில் ஒன்று. அந்த டப்பாவுக்குள் ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் கொஞ்சம் சில்லறைப் பாகங்களும்தான். கிட்டாரிலிருந்து வரும் ஒலியின் மேல்பகுதியைத் தூக்கி ஆம்ப்பின் வால்வுகளை (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்) முட்ட வைக்கும், அங்கேதான் அந்த உறுமல் பிறக்கிறது. குவீன் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே இளைஞனாக இருந்தபோது லண்டன் மார்க்கீ கிளப்பில் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, இந்த ஒலி எப்படி வருகிறது என்று ரோரியிடமே கேட்டார். மறைக்காமல் காட்டிக் கொடுத்துவிட்டார் மனிதர். மே போய் அதே ஆம்ப்பையும் அதே ரக டப்பாவையும் வாங்கினார். தன் ஒலிக்கு ரோரிக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். குவீன் பாட்டை உலகமே பாடுகிறது. அந்த ஒலி எந்தக் கடையில் வாங்கியது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் காட்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

விளக்கப் பலகை எழுதும்போது ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘உலகத்தின் சிறந்த கிட்டார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது’ என்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸிடம் கேட்டதற்கு ‘ரோரி கேலஹரைத்தான் கேட்க வேண்டும்’ என்றாராம். எங்கள் ரசிகர் குழுவிலேயே மாதம் ஒருவர் இதை அனுப்புவார். எந்தப் பேட்டி, எந்தத் தேதி என்று கேட்டால் பதில் வராது. பெயரை மட்டும் மாற்றி பில் கீகி என்ற இன்னொரு கிட்டார் கலைஞரைப் பற்றியும் இதே கதை உலவுகிறது. ரோரிக்கு இந்த இரவல் நகை வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் மெலடி மேக்கர் பத்திரிகை வாசகர்கள் எரிக் கிளாப்டனைத் தாண்டி அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1971 டிசம்பரில் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் லண்டனுக்கு வந்து பதிவு செய்தபோது கூட வாசிக்க இவரை அழைத்தார்கள். சிறு வயதில் வானொலியில் கேட்டு வளர்ந்த குரலுக்கு உட்கார்ந்து வாசித்தார். அந்த இசைத்தட்டு கிராமி விருது வாங்கியது. இதெல்லாம் நடந்தவை. பலகைக்கு இவை போதும்.

அப்படியானால் ஏன் பெயர் தெரியாமல் போனது? இங்கே எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும். ‘மேனேஜர் சரியில்லை’, ‘கம்பெனி சரியில்லை’ என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால், பாதி அவரே செய்துகொண்டது. ஒற்றைப் பாட்டைத் தனி இசைத்தட்டாக விடும் சிங்கிள் வெளியிட மாட்டேன் என்று சாதித்தார். பாட்டை மூன்று நிமிடத்துக்கு வெட்ட ஒப்பவில்லை. சிங்கிள் இல்லை என்றால் அந்தக் காலத்தில் வானொலி இல்லை, வானொலி இல்லை என்றால் அமெரிக்கா இல்லை. 1975 ஜனவரியில், கிட்டார்காரர் மிக் டெய்லர் விலகிய சூட்டில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இவரை ராட்டர்டாமுக்குக் கூப்பிட்டது. கிட்டாரையும் ஆம்ப்பையும் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சில இரவுகள் வாசித்தார். ஜப்பானில் கச்சேரி ஏற்கெனவே ஒப்புக்கொண்டது, கிளம்ப வேண்டும். ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸிடம் ஒரு வார்த்தை பேசக் காத்திருந்து, அவர் தூக்கத்திலிருந்து எழவில்லை என்று கிளம்பிவிட்டதாக டோனல் சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ‘உடம்பு சரியில்லை’ என்று ஜப்பானுக்குத் தந்தி போயிருக்கும். 1977-78இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முழு இசைத்தட்டைப் பதிவு செய்து முடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட்டார். 2011இல்தான் அது வெளியே வந்தது. கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதற்குப் பதிலாக வந்த ‘ஃபோட்டோ ஃபினிஷ்’ இன்னும் முறுக்கானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களில் வந்தவை எல்லாமே உசத்தி என்றும் நான் சொல்ல மாட்டேன். உடம்பு கெட ஆரம்பித்திருந்தது. விமானம் என்றால் பயம், அந்தப் பயத்துக்கு மருந்து, மருந்துக்கு மேல் மது. கார்க் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று உங்கள் ஊரில் பேச்சு எழுந்தபோது எங்கள் நண்பர் ஒருவர், ‘பாவம், விட்டால் ரயில்வே ஸ்டேஷன்தான் கேட்டிருப்பார்’ என்றார்.

இவ்வளவு கேட்டாலும், அந்த மனிதர்மேல் எங்களுக்கு இருப்பது வெறும் கிட்டார் பிரமிப்பு இல்லை. பெல்ஃபாஸ்ட் கதை தெரிந்த பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. 1970களில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதல். குண்டுவெடிப்புக்குப் பயந்து பெரிய இசைக்குழுக்கள் அந்த ஊர்ப் பக்கமே தலைவைக்காத காலம். இவர் வருடா வருடம் போனார். பிறந்தது டோனகல் கவுண்டியின் பாலிஷானனில், கொஞ்ச காலம் டெர்ரியில், வளர்ந்தது கார்க்கில், குழு நடத்தியது பெல்ஃபாஸ்டில். அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லைக்கு இரண்டு பக்கமும் அவருக்கு வீடுதான். பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹால் அரங்கில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று தலையாட்டினார்கள். 1975 ஜூலை 31 அன்று, நிகழ்ச்சி முடித்து டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மியாமி ஷோபேண்ட் குழுவின் வண்டியை வழிமறித்து மூன்று இசைக்கலைஞர்களைக் கொன்றார்கள். ரோரியும் ஷோபேண்ட் வண்டியில் பின்சீட்டில் தூங்கி வளர்ந்த பையன்தான். அந்த ரோடு அவருக்குத் தெரியும். அதன் பிறகும் போனார். அதைப் பற்றி மேடையில் வீரவசனம் பேசியதாக எங்கும் பார்த்ததில்லை. கட்டம் போட்ட சட்டை, அந்த கிட்டார், பாட்டு, வேர்வை, வீடு. ஊர் அடங்கிக் கிடக்கும் ராத்திரிகளைப் பற்றி எங்கள் மொழி பேசுகிறவர்களிலும் தெரிந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போய் இப்போது கனடாவில் இருக்கும் எங்கள் ரசிகர் குழு நண்பர் ஒருவர் 1974 பதிவை அதிகம் போட மாட்டார். கூட்டத்தின் சத்தம் வந்தாலே போதும், ஒரு மாதிரி ஆகிவிடுகிறது என்பார்.

2025 ஜனவரியில் அதே அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பாலிஷானனில் 2010லேயே ஒன்று வந்துவிட்டது. டப்ளினில் ஒரு மூலைக்கும் கார்க்கில் ஒரு சதுக்கத்துக்கும் அவர் பெயர். 2002இல் தபால்தலை, 2018இல் வெள்ளி நாணயம். பாரிஸ் பக்கத்தில் ஒரு தெருவுக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பாருங்கள், வெண்கலம், வெள்ளி, கல், காகிதம். சத்தம் போடுகிற ஒரே ஒரு நினைவுச்சின்னம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். யாரை வாசிக்க விடுவது என்பதில் உங்களுக்குத் தலைவலி வரும். பெரிய பெரிய ஆட்கள் ஃபோன் போடுவார்கள். ஒரு வருடம் அவர்களுக்கும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடம் விட்டு ஒரு வருடமாவது கார்க்கிலிருந்தோ டெர்ரியிலிருந்தோ பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தவணையில் கிட்டார் வாங்கி இன்னும் கடன் அடைக்காத பிள்ளையாக இருந்தால் ரொம்ப நல்லது. கையைக் கழுவச் சொல்லுங்கள், பெல்ட் பக்கிள் உரசாமல் பின்பக்கம் ஒரு துணி கட்டுங்கள், பக்கத்திலேயே உங்கள் நிபுணர் ஒருவர் நிற்கட்டும். வாசித்ததை ஒலிப்பதிவு செய்து, வருடம் முழுக்க அந்தக் காட்சி அறையில் மெல்ல ஓடவிடுங்கள். டப்ளின் வரை வர முடியாத என்னைப் போன்றவர்களுக்கு அதை வெளியே கேட்கும்படி வைத்தால் புண்ணியமாகப் போகும். முடிந்தால் எப்போதாவது கார்க்குக்கும் கொஞ்ச நாள் அனுப்பி வையுங்கள். அவர்கள் அதை வெளியே விட்டுக்கொடுத்த வருத்தத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஏசி30 வால்வு ஆம்ப். சுவிட்ச் போட்டதும் பேசாது, சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தப் பிள்ளை மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கும்போது யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கேசட்டை இன்னும் வைத்திருக்கும் ஒரு ரசிகன்,
சென்னை